பாறைக்குள் வைத்த ஜன்னல்

தரைக்குப் பதிமூன்று அடி கீழே ஜன்னல் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருப்பூரில் இப்போது ஆளுக்கொரு கதை விடுகிறார்கள், சாமி செயல் என்கிறார்கள், வெளிநாட்டு மிஷின் என்கிறார்கள், ஒன்றும் கிடையாது, ஆறடி அகலம், நாலடி உயரம், தேக்குச் சட்டம், எட்டு எம்.எம். கண்ணாடி, படம் வரைந்தது கோகிலவாணி, அதாவது நான், வயது பதினேழு, பதினொண்ணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: உட்கார முடியவில்லை.

என் சித்தப்பா ரத்தினவேல் வீடுகளுக்கு உள்வேலை செய்கிறவர். முன்பெல்லாம் சமையலறை அலமாரி, பீரோ, டி.வி. ஸ்டாண்டு. இப்போது இரண்டு வருஷமாக பார். பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வீட்டுக்கு அடியில் ஒரு பார் தேவைப்படுகிறது, துணி வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிற காலம் போய்விட்டதாம், நம் வீட்டிலேயே உட்காரவைத்துப் பேசினால்தான் ஆர்டர் நிற்குமாம். சித்தப்பாவுக்கு கம்ப்யூட்டர் வராது. எனக்கு அது மட்டும்தான் வரும். கவுன்டர் எங்கே, பாட்டில் ராக் எங்கே, ஐஸ் மிஷின் எங்கே, விளக்கு எந்தப் பக்கமிருந்து விழும் என்று வரைந்து, கட்டும் முன்னாலேயே அறையைத் திரையில் சுற்றிக் காட்டுவது என் வேலை. எல்லோரும் கேட்பது ஒன்றேதான். "ஃபாரின் மாதிரி இருக்கோணும் அம்மிணி, ஆனா சாமி ரூமுக்கு நேர் கீழ வரப்படாது." அப்புறம், போர்டிகோவிலிருந்து தனிப் படிக்கட்டு வேண்டும், வருகிறவன் நம் ஹாலைத் தாண்டக் கூடாது. விருந்தாளிக்காகவே கட்டுகிற அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி கிடையாது. எனக்கு இது கோளாறாகத்தான் பட்டது. ஆனாலும் வரைந்தேன்.

பனியன் கம்பெனி வைத்திருக்கிற நாச்சிமுத்து முதலாளி வீட்டுக்கு அடியில் முழுக்கப் பாறை. நாற்பது நாள் உடைத்தார்கள், பக்கத்து வீட்டு ஷோகேஸில் பொம்மைகள் எல்லாம் நடந்து நடந்து ஓரத்துக்கு வந்து விழுந்தன. உடைத்து முடித்த பிறகு வாஸ்துக்காரர் வந்து நின்று கிழக்குச் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கிழக்கு அடைபட்டிருக்குதுங்க. இப்படி இருந்தா வர்ற ஆள் வாயைத் தொறக்க மாட்டான், கையெழுத்தும் போட மாட்டான்."

"அங்க பாறைங்களே," என்றார் சித்தப்பா.

"பாறையா இருந்துட்டுப் போகுது. பேருக்கு ஒரு ஜன்னல் வைங்க. ஆனா முறையா வைக்கோணும்."

முறையாக என்றால், நிலை வைப்பது. வாசக்கால் நிறுத்தும்போது என்னென்ன செய்வோமோ அத்தனையும் அந்தப் பொய் ஜன்னலுக்குச் செய்தார்கள். சட்டத்துக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தலையில் கட்டி, மாவிலை தொங்கவிட்டு, முதலாளியின் மனைவி மயிலாத்தா அக்காவோடு ஐந்து சுமங்கலிகள் பால் ஊற்றி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பாறையைப் பார்த்து எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சிரித்துவிட்டேன். சித்தப்பா முழங்கையில் கிள்ளினார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் படம், அதற்குப் பின்னால் விளக்கு, அதற்குப் பின்னால் பாறை. முதலாளி பனிமலை கேட்டார், சித்தப்பா கடற்கரை என்றார். நான் போட்டது ஒரு செம்மண் ரோடு. அழகாக இருந்தது என்றெல்லாம் இல்லை, ஆறடிக்கு இழுத்தாலும் மங்காத படம் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. சாயங்கால வெயில், இரண்டு பனைமரம், தூரத்தில் வானத்தைத் தொடுகிற இடம் வரைக்கும் போகிற ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. கண்ணாடியை நாலு பக்கமும் மரச் சட்டம் வைத்து ஆணி அடித்து மூடினோம். கீல் இல்லை, கைப்பிடி இல்லை. திறந்தால் என்ன இருக்கிறது, பாறைதானே.

திறப்பு விழா அன்று ரோட்டின் கோடியில் ஒரு புள்ளி இருந்தது.

"ஈ எச்சம், தொடை," என்றார் சித்தப்பா. துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மூன்றாம் நாள் அது எறும்பளவு ஆனது, பத்தாம் நாள் அரிசியளவு, அதற்குக் கால் முளைத்தது, தோளில் ஒரு பை முளைத்தது, யாரோ நடந்து வருகிறார் என்று தெரிந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "நான் அடிக்கும்போது ஆள் இல்லீங்க, இது பொறவு வந்த ஆள்," என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது. யாரும் மயக்கம் போடவில்லை, யாரும் டி.வி.க்காரனைக் கூப்பிடவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த பையர் மட்டும் செல்போனில் படம் எடுத்துப் பார்த்தார், படத்தில் வெறும் ரோடுதான் விழுந்திருந்தது. நல்ல ஸ்கிரீன் என்று பாராட்டி ஒரு லட்சம் பீஸுக்குக் கையெழுத்துப் போட்டார், வாஸ்துக்காரர் அதற்கு அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு ஆள் வரத்து கூடிவிட்டது. முதலில் முதலாளியின் பங்காளிகள், அப்புறம் பாங்க் மேனேஜர், அப்புறம் கவுன்சிலர், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர்கள், அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறுக்கு டப்பாவோடு, பால் ஊற்றிய அந்த ஒரு நாளைத் தவிர எட்டு மாசமாகத் தன் வீட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமலே இருந்த மயிலாத்தா அக்கா அவர்களோடு அவர்களாகப் படியிறங்கி வந்து, "என்ற வீட்டுக்கடியில இவ்வளவு எடமா?" என்று கேட்டு, பார் ஸ்டூலில் ஏற முடியாமல் ஏறி, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்தபடி ரோட்டையே பார்த்தார். குடிக்க வந்தவர்கள் குடிக்க மறந்தார்கள். கிளாஸில் ஐஸ் கரைந்து தண்ணியாகக் கிடக்கும், எல்லாக் கண்ணும் கிழக்கே இருக்கும்.

ரோட்டில் வருகிறவர் முதல் பனைமரத்தடியில் உட்கார்ந்த அன்று எல்லோருக்கும் கால் வலித்தது. அவருடைய செருப்பு வார் அறுந்த அன்று, ஊரில் செருப்புக் கடை வைத்திருக்கிறவர் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, "ஒம்பதாம் நம்பர், கண்டிப்பா ஒம்பது," என்று சொல்லி ஒரு ஜோடியைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார். எலும்பு டாக்டர் இடது முட்டி தேய்ந்திருக்கிறது என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் அவர் வந்து சேருகிற தேதிக்குப் பந்தயம் கட்டினார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் வேலை முடித்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன், ஸ்கேலை வைத்துக் கண்ணாடியில் அளப்பேன், நேற்று இரண்டரை சென்டிமீட்டர் உயரம், இன்றைக்கு இரண்டே முக்கால், சீக்கிரம் நடங்களேன் ஐயா என்று வாய்விட்டுச் சொல்வேன். "அவசரக் குடுக்கை," என்பார் சித்தப்பா, "அவரென்ன பஸ்ஸா?"

ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் சொந்தம் கொண்டாட ஆரம்பித்தார்கள்.

முதலாளி கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிற செம்பாயி அக்கா, பதினொரு வருஷம் முன்னால் டவுனுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன புருஷனை இன்னும் காணாதவர், ஒரு நாள் பார்த்துவிட்டு, "அந்தத் தோள் சாச்சு நடக்கறது அவர்தான்," என்று சொன்னார், மறுநாள் ஒரு புதுச் சட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கவுன்சிலர் அது தன் காணாமல் போன அண்ணன் என்றார். பாங்க் மேனேஜர் அன்றிலிருந்து தினமும் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். மயிலாத்தா அக்காகூட என்னிடம் தனியாக, "எங்க அப்பாவுக்கும் இடது முட்டிதான் கண்ணு தேஞ்சிருந்துச்சு," என்றார். அவருடைய அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது. சரி, வரட்டும் என்று நானும் சொன்னேன், நான் யார் வேண்டாமென்று சொல்ல.

அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் அவர் யாருமில்லை. நாச்சிமுத்து முதலாளிக்கு.

"கூப்பிடாம வர்றவன் எப்படி விருந்தாளி ஆவான்?" என்று கேட்டார் அவர்.

"நெலை வச்சுத் தேங்காய் ஒடைச்சா கூப்பிட்டதாத்தானுங்க கணக்கு," என்றார் வாஸ்துக்காரர், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பாறையில நெலை வைக்கச் சொன்னது நீரு."

"பேருக்குன்னு சொன்னேனுங்க."

பதினைந்து சென்டிமீட்டர் ஆன அன்று முகம் தெரிந்தது. அன்றைக்கு அறையில் நிற்க இடமில்லை. அறுபது வயதிருக்கும், ஒட்டின கன்னம், இரண்டு வாரத் தாடி, புருவத்தில் புழுதி, ஊரில் எந்த பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கிற மாதிரி ஒரு முகம். எல்லோரும் பார்த்தார்கள். செம்பாயி அக்காதான் முதலில் எழுந்தார். "இவரில்லை," என்றார், சட்டையைத் திரும்பவும் பைக்குள் போட்டு, படியேறிப் போய்விட்டார். கவுன்சிலருக்குப் போன் வந்தது. பாங்க் மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுப் போனார். செருப்புக்காரர் செருப்பை எடுத்துக்கொண்டு போனார், அதை மட்டும் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை, ஒன்பதாம் நம்பர் கால் மாறவா போகிறது? ஒரு மணி நேரத்தில் அறை காலி. புள்ளியாக இருந்தபோது ஊருக்கே சொந்தக்காரராக இருந்தவர், முகம் தெரிந்ததும் யாருக்கும் ஒன்றுமில்லாமல் போய்விட்டார், அது தெரியாமல் அவர் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் முதலாளி சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ரத்தினவேலு, அந்த ஜன்னலை மூடிரு. பாட்டில் ராக் ஒண்ணு போடு, ஆறுக்கு நாலு, முழுசா மறைக்கோணும். பதினெட்டு எம்.எம். பிளைவுட்டு."

"ஆள் கிட்டத்துல வந்துட்டாருங்களே," என்றேன் நான்.

"அதனாலதான் அம்மிணி. என்ற வீட்டுக்கு ஆரு வரோணும்னு நான்தான் சொல்லோணும். முழிக்கற முழியைப் பாரு, ஆரு எவருன்னு தெரியாது." அப்புறம் சித்தப்பாவிடம், "என்ற பங்காளிக நாலு பேரும் பார் கேக்கறாங்க. உன்னையத்தான் சொல்லி வச்சிருக்கறேன்," என்றார்.

ராக்கை நான்தான் வரைந்தேன். பொய் சொல்ல மாட்டேன். நாற்பத்தெட்டு பாட்டில் நிற்கிற மாதிரி, பின்னால் பட்டை விளக்கு வைத்து, நன்றாகவே வரைந்தேன். வரையும்போது ஒன்றும் தோன்றவில்லை. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

ராக் வந்து இறங்கிய அன்று காலை பதினொரு மணி. முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார், சித்தப்பா டிரில்லில் பிட்டை மாட்டினார், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே போனேன். அவர் வந்து சேர்ந்துவிட்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார், மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அவர் தட்டவில்லை, கத்தவில்லை. கையை வைத்து இடது ஓரம் முழுக்கத் தடவினார். அப்புறம் வலது ஓரம். மேலே எக்கித் தடவினார், குனிந்து கீழே தடவினார், மறுபடி இடது ஓரம். கைப்பிடியைத் தேடுகிறார். நான் படத்தில் போடாத கைப்பிடியை, இவ்வளவு தூரம் நடந்து வந்து, அறுந்த செருப்போடு நின்று, இருக்கும், இருந்துதானே ஆகணும் என்கிற மாதிரி தேடிக்கொண்டே இருக்கிறார்.

என்னால் அளக்க முடியவில்லை. டேப்பைக் கீழே போட்டுவிட்டு உளியை எடுத்தேன்.

"ஏய் வாணி, என்ன பண்ற?"

"தப்பா வரைஞ்சுட்டேன் சித்தப்பா. திருத்தறேன்."

முதல் சட்டம் கையோடு வந்தது. முதலாளி ஸ்டூலிலிருந்தே குரல் கொடுத்தார். "அதைக் கழட்டுனீன்னா அந்த நாலு ஊட்டு வேலையும் கெடையாது, சொல்லிப்போட்டேன்."

"சரிங்க," என்றேன். இரண்டாவதைக் கழற்றினேன்.

"ரத்தினவேலு, உன்ற அண்ணன் மககிட்டச் சொல்லி வை."

"அவ சொல்லிக் கேக்கறவளா இருந்தா பள்ளிக்கூடத்துலயே இருந்திருப்பாளுங்க," என்றார் சித்தப்பா. டிரில்லைக் கையிலேயே வைத்திருந்தார், ஓட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மூன்றாவது வந்தது. நாலாவதில் உளியை விட்டதும் கண்ணாடி என் மேல் சாய்ந்தது, நாற்பது கிலோ இருக்கும், என் முட்டி மடங்கியது. "புடி சனியனே, காலு மேல போட்டுக்காத!" என்று கத்திக்கொண்டே சித்தப்பா பாய்ந்து வந்து அந்தப் பக்கம் பிடித்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து வைத்தோம். பின்னால் ஃப்ளெக்ஸும் இல்லை, விளக்கும் இல்லை, பாறையும் இல்லை. சூடான காற்றோடு புழுதி உள்ளே வந்து, துடைத்துத் துடைத்து வைத்திருந்த கிளாஸ்கள் மேலெல்லாம் படிந்தது.

அவர் பையை முதலில் உள்ளே வைத்தார். அப்புறம் வலது காலைத் தூக்கிப் போட்டார், இடது முட்டி சட்டத்தில் இடித்தது, "ஆத்தா," என்று முனகிக்கொண்டு இறங்கி, பளபளவென்று இருந்த டைல்ஸில் நின்றார்.

அப்போது ஒரு காரியம் நடந்தது. நாச்சிமுத்து முதலாளி, அத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று நின்ற மனிதர், இரண்டு கையையும் கூப்பி, "வாங்க," என்றார்.

அவர் சொல்லவில்லை, அவருடைய வாய் சொன்னது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், கேஸ் போட்டவனே வாசலுக்குள் காலை வைத்தாலும் முதலில் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் சண்டைக்குப் போவார்கள், பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு தானாகப் புரண்டுவிடும். முதலாளி தன் வாயை வேறு யாருடையதோ மாதிரி தொட்டுப் பார்த்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. "வாங்க, வாங்க, உக்காருங்க," என்றார், இந்தத் தடவை கொஞ்சம் அழாத குறையாக.

உட்கார என்ன இருக்கிறது? என் படத்தில் முப்பது அங்குல உயரத்தில் எட்டு ஸ்டூல், வேறு ஒன்றும் இல்லை. வந்தவர் ஒன்றைப் பிடித்து ஏறப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. "இருக்கட்டுங்க," என்று சொல்லி, கவுன்டர் அடியில் முதுகைச் சாய்த்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். முதலாளி மேலே, விருந்தாளி கீழே. முதலாளி ஸ்டூலில் நெளிந்தார், இப்படி நெளிந்தார், அப்படி நெளிந்தார், கடைசியில் வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு இறங்கி, அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி," என்றார் வந்தவர்.

முப்பத்தொன்பது வகை பாட்டில், ஐஸ் மிஷின், மூன்று சோடா. குடிக்கிற தண்ணீருக்கு நான் இடமே வைக்கவில்லை. போர்டிகோவுக்கு ஓடி, சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வீட்டுக்குள் போய், "அக்கா, வந்துட்டாருங்க, தண்ணி கேக்கறாருங்க," என்றேன். மயிலாத்தா அக்கா யார் என்று கேட்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீரும், ஒரு தட்டில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, அவர் முகத்தைப் பார்த்தார், தன் அப்பா இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்த பிறகும் சொம்பை இரண்டு கையாலும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு கரண்டி போடட்டுங்களா?" என்று கேட்டார்.

சேதி தெரிந்து சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. விருந்தாளி தரையில் இருக்கும்போது ஸ்டூலில் ஏற யாருக்கும் மனசு வரவில்லை, ஆளாளுக்குச் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். செம்பாயி அக்கா வந்தார், சட்டை வைத்திருந்த அதே பையோடு. யார், எந்த ஊர், எதற்கு வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்தவரை அப்படிக் கேட்க மாட்டார்கள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சித்தப்பா பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். நாலு வீட்டு வேலையில் இரண்டு அன்றைக்கே போய்விட்டது, மீதி இரண்டு என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது.

நடந்து வந்த களைப்பில் விருந்தாளி பையைத் தலைக்கு வைத்து அங்கேயே மல்லாந்து படுத்தார். கவுன்டரின் அடிப்பாகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் வேலை முடியலையாட்டம் இருக்குது," என்றார். அது அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மேலே கிரானைட், முன்பக்கம் வால்நட் மைக்கா, ஓரமெல்லாம் பித்தளைப் பட்டை. அடியில் வெறும் பிளைவுட், பென்சில் கோடு, பசை வழிந்த கறை, சித்தப்பா கையால் எழுதின அளவுகள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் விடுவோம்.

"அங்க ஆரும் பாக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேனுங்க," என்றேன்.

"நான் பாக்கறேனே," என்றார் அவர்.

நான் சித்தப்பாவிடம் டேப்பை வாங்கிக்கொண்டு, விருந்தாளி பக்கத்தில் மல்லாந்து படுத்து, அடிப்பக்கத்தை அளக்க ஆரம்பித்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.